சாம்பல் ஆண்டும் அம்வாஸ் கொள்ளைநோயும்: துன்பம் பற்றிய கேள்விக்கு ஹிஜ்ரி 18 தரும் விடை

இறைவன் அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன். அவன் அறியாமல் ஓர் இலையும் உதிர்வதில்லை என்பது திருக்குர்ஆன் நமக்குக் கற்பித்த நம்பிக்கை. அவ்வாறாயின், அவனுடைய படைப்பில் பசியும் பிணியும் பேரழிவும் ஏன் நிகழ்கின்றன? குற்றமறியாக் குழந்தைகள் ஏன் மடிகின்றனர்? அறிவுடையோர் உள்ளத்திலும் பாமரர் உள்ளத்திலும் ஒருசேர எழும் கேள்வி இது. இக்கேள்வியை முதன்முதலாக நேருக்கு நேர் சந்திக்கும் நிலை நமக்கு நூலகத்தில் ஏற்படவில்லை, வகுப்பறையில் ஏற்பட்டது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது நாம் அரபிக் கல்லூரி ஒன்றில் ஆசிரியப் பணியேற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அம்மாவட்டத்துக் கடலோர ஊரிலிருந்து வந்து ஓதிக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், ஊர் சென்று திரும்பிய மறுநாள் வகுப்பில் கேட்டார்: “ஹஜ்ரத், கடலோரத்து மக்கள் செய்த பாவத்துக்காகத்தான் கடல் வந்தது என்று ஒருவர் பயான் செய்தார். எங்கள் தெருவுக்கு அப்பால் இறந்துபோன பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?”

இல்முல் கலாமில் நாம் கற்றவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். முஃதஸிலாக்களின் கொள்கையையும் அதற்கு அஷ்அரீ இமாம்கள் அளித்த மறுப்பையும் விளக்கினோம். மாணவர் பணிவுடன் கேட்டிருந்துவிட்டு, “சரி ஹஜ்ரத். ஊரில் சனங்கள் இன்னும் கூடாரத்தில்தான் இருக்கிறார்கள். நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?” என்றார். அதற்கு ஆயத்தமான விடை நம்மிடம் இல்லை. துஆச் செய்யுமாறு கூறிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம். அவ்வாரமே அவர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் சென்றார். இரண்டு மாதங்கள் கழித்தே திரும்பினார். விடுப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அவர் மேற்கொண்ட அப்பயணமும் கல்வியின் ஒரு பகுதியே என்று சொல்லும் தெளிவு அன்று நமக்கு வாய்க்கவில்லை.

அந்த இரண்டாவது கேள்விக்கு இஸ்லாமிய வரலாறு விரிவான விடையளித்திருக்கிறது. அவ்விடையின் பெரும்பகுதி ஹிஜ்ரி 18 என்னும் ஒரே ஆண்டில், கி.பி. 639-ஐ ஒட்டி எழுதப்பட்டது. அவ்வாண்டை மீண்டும் ஒருமுறை நிதானமாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி இரண்டு

துன்பத்தைக் குறித்து மனிதன் கேட்கும் கேள்வி ஒன்றல்ல, இரண்டு. ‘இது ஏன் நிகழ்ந்தது?’ என்பது முதலாவது. ‘இது நிகழ்ந்தபின் என் கடமை யாது?’ என்பது இரண்டாவது. முதற்கேள்வியை நம் முன்னோர் அஞ்சி ஒதுக்கவில்லை. இறைவன் அடியார்களுக்கு மிகவும் நலம் பயப்பதையே செய்யக் கடமைப்பட்டவன் என்று முஃதஸிலாக்களுள் ஒரு சாரார் வாதிட்டனர். ஹிஜ்ரி 303-இல் மறைந்த அபூ அலீ அல்ஜுப்பாயீ அவர்களுள் முதன்மையானவர். அவருடைய மாணவராயிருந்த அபுல் ஹஸன் அல்அஷ்அரீ (ரஹ்) அவர்கள் மூன்று சகோதரர்களைப் பற்றி அவரிடம் வினவியதாக ஒரு செய்தி நூல்களில் வழங்குகிறது.

ஒருவர் நல்லடியாராக இறந்தார். மற்றொருவர் மறுப்பாளராக இறந்தார். மூன்றாமவர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தார். தனக்கு ஆயுள் தந்திருந்தால் தானும் நன்மை செய்து உயர் பதவி பெற்றிருக்கலாமே என்று குழந்தை கேட்டால்? வளர்ந்திருந்தால் பாவியாகியிருப்பாய் என இறைவன் அறிந்து, உன் நலன் கருதியே சிறுவயதில் கைப்பற்றினான் என்பது ஜுப்பாயீயின் விடை. அப்படியானால், என்னையும் ஏன் குழந்தையாகவே கைப்பற்றவில்லை என்று மறுப்பாளன் கேட்பானே என்றபோது ஆசிரியர் வாயடைத்துப் போனார் என்பர். இந்நிகழ்ச்சி இவ்வாறே நடந்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியுள்ளனர். எனினும் அது உணர்த்தும் கருத்து ஐயத்துக்கு இடமற்றது: இறைவனின் செயலுக்கு மனிதன் கணக்கு எழுத முற்பட்டால் அக்கணக்கு எங்கேனும் ஓரிடத்தில் பொருந்தாமற் போகும்.

அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் வரும் மூஸா (அலை), கிள்ரு (அலை) வரலாறும் இதனையே கற்பிக்கிறது. மரக்கலம் சேதப்படுத்தப்பட்டதும் சிறுவன் கொல்லப்பட்டதும் மூஸா நபிக்குப் பொறுக்க முடியாதனவாக இருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு நன்மை மறைந்திருந்ததை அவர் பின்னர் அறிந்தார். இவ்வரலாற்றைச் சொல்லி, ‘துன்பத்தின் பின்னால் நன்மை உண்டு, பொறுத்திருங்கள்’ என்று முடித்துவிடுவது நம் பேச்சாளர்களின் வழக்கம். அதில் ஒரு பாதிதான் உண்மை. மறைவான அவ்வறிவு கிள்ருக்கு மட்டுமே அருளப்பட்டது. மரக்கலத்தில் துளை விழக் கண்டால் அதிலுள்ளோர் மூழ்கிவிடுவரே என்று பதறித் தடுக்கும் மூஸாவின் நிலையே ஷரீஅத் நமக்கு விதித்த நிலை. கிள்ரின் அறிவு தனக்கிருப்பதாகக் கருதிக்கொண்டு, மூழ்குவோரைக் கரையிலிருந்து வேடிக்கை பார்க்க எவருக்கும் உரிமையில்லை.

திருக்குர்ஆன் இவ்விரு கேள்விகளையும் பிரித்தே நடத்துகிறது. துன்புறுவோனை நோக்கிப் பேசுகையில் அது பொறுமையைக் கற்பிக்கிறது. அச்சம், பசி, பொருளிழப்பு, உயிரிழப்பு, விளைச்சல் இழப்பு ஆகியவை சோதனைகளாக வரும் என்றும் பொறுமையாளர்க்கு நற்செய்தி உண்டு என்றும் அல்பகரா 155-ஆம் வசனம் அறிவிக்கிறது. துன்பத்தைக் காண்போனை நோக்கிப் பேசுகையில் அதன் தொனி மாறிவிடுகிறது. அல்லாஹ் வழங்கியதிலிருந்து செலவிடுங்கள் எனக் கூறப்பட்டபோது, ‘அல்லாஹ் நாடினால் அவனே உணவளித்திருப்பானே, அவர்களுக்கு நாங்களா உணவளிக்க வேண்டும்?’ என்ற பொருளில் வாதிட்டவர்களின் கூற்றை யாஸீன் அத்தியாயத்தின் 47-ஆம் வசனம் எடுத்துக் காட்டுகிறது. இக்கூற்றை அது எவர் வாயில் வைக்கிறது? இறைமறுப்பாளர்களின் வாயில் வைக்கிறது. விதியைக் காட்டி உதவியை மறுப்பது ஈமானின் மொழியன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

அல்ஃபஜ்ரு அத்தியாயம் மற்றொரு வாயிலைத் திறக்கிறது. வாழ்வு செழித்தால் இறைவன் தன்னைக் கண்ணியப்படுத்தினான் என்றும், வாழ்வாதாரம் சுருங்கினால் அவன் தன்னை இழிவுபடுத்தினான் என்றும் மனிதன் முடிவு கட்டுகிறான். அம்முடிவை வன்மையாக மறுக்கும் வசனங்கள் உடனடியாக அநாதைகளைக் கண்ணியப்படுத்தாமையையும், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாமையையும் சுட்டிக் காட்டுகின்றன. விளக்கத்தை எதிர்பார்த்து நிற்பவனிடம் இங்கு கடமையே விடையாக நீட்டப்படுகிறது.

இக்கற்பித்தல் ஏட்டோடு நின்றதா, நாட்டிலும் நடந்ததா என்பதைக் காணவே நாம் ஹிஜ்ரி 18-க்குச் செல்கிறோம்.

ரமாதா: சாம்பல் ஆண்டு

அவ்வாண்டு ஹிஜாஸில் மழை பொய்த்தது. ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் நீடித்த வறட்சியில் நிலம் கருகி, காற்று வீசும்போதெல்லாம் சாம்பல் போன்ற புழுதி பறந்தது. சாம்பலைக் குறிக்கும் ‘ரமாத்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து அவ்வாண்டுக்கு ‘ஆமுர் ரமாதா’ என்ற பெயர் ஏற்பட்டது. கால்நடைகள் மடிந்தன. பாலைவனத்துக் குலங்கள் உணவு தேடி மதீனாவை நோக்கித் திரண்டன.

அன்றைய கலீஃபா உமர் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை இப்னு ஸஃது (ரஹ்) தம் ‘தபகாத்’ நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். முதலாவதாக, அவர்கள் குற்றவாளியை வெளியே தேடவில்லை. முஹம்மது நபியின் சமுதாயத்தைத் தம் காலத்தில், தம் கையில் அழித்துவிட வேண்டாம் என்று இரவின் கடைப்பகுதியில் இறைவனிடம் மன்றாடினார்கள். பஞ்சத்தில் அடிபட்ட பதவிகளின் பாவத்தைப் பற்றி மிம்பரில் பேசுவது எளிது. ஆட்சியாளர் தம் பொறுப்பைக் குறித்து இருளில் அழுவது அரிது. பிறர் துன்பத்தைக் கண்டு அவர்தம் குற்றத்தைத் தேடுவதற்கும் தம் குறையைத் தேடுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கே வெளிப்படுகிறது.

இரண்டாவதாக, அவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். நகரின் எல்லைகளில் தங்கியிருந்த அகதிகளைக் கவனிக்கத் தனித்தனி ஆட்களை நியமித்தார்கள். அவர்கள் ஒவ்வொரு மாலையும் கலீஃபாவிடம் கூடி நிலைமையை எடுத்துரைக்க வேண்டும். உமரின் பணியாளரான அஸ்லம் அறிவிக்கும் செய்தியின்படி, ஓர் இரவு தம்மிடம் உணவுண்டோரைக் கணக்கெடுக்கச் சொன்னார்கள். அவர்கள் 7,000 பேர். வர இயலாத குடும்பத்தினர், நோயாளிகள், சிறார் ஆகியோரையும் எண்ணச் சொன்னார்கள். அவர்கள் 40,000 பேர். சில இரவுகள் கழித்து எண்ணியபோது முதல் வகையினர் 10,000 ஆகவும், இரண்டாம் வகையினர் 50,000 ஆகவும் பெருகியிருந்தனர்.

இவ்வெண்களில் ஒரு நுட்பத்தை நாம் கவனித்தல் வேண்டும். வந்து உண்டவர்களை விட வராதவர்கள் பன்மடங்கு அதிகம். உணவுக்கூடத்துக்கு நடந்து வரும் வலிமையுடையோரை மட்டும் கண்டு மனநிறைவு கொள்ளாமல், வர இயலாதோரைத் தேடி எண்ணியதே அந்நிர்வாகத்தின் சிறப்பு. இன்றும் நிவாரணப் பணியில் ஈடுபடுவோர் பலமுறை தவறவிடும் இடம் இதுவே.

மூன்றாவதாக, தொலைவிலுள்ள மாநிலங்களின் ஆளுநர்களுக்கு மடல்கள் பறந்தன. தபரீ (ரஹ்) தரும் செய்தியின்படி, முதலில் வந்து சேர்ந்தவர் ஷாம் நாட்டிலிருந்து 4,000 ஒட்டகச் சுமை உணவுடன் வந்த அபூ உபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி). அதைப் பங்கிடும் பொறுப்பையும் உமர் அவரிடமே ஒப்படைத்தார்கள். பணி முடிந்தபின் 4,000 திர்ஹம் வழங்கப்பட்டபோது, தாம் அல்லாஹ்வுக்காகவே இதைச் செய்ததாகக் கூறி அவர் தயங்கினார். நபியவர்களிடம் தமக்கும் இத்தகைய அனுபவம் ஏற்பட்டதை எடுத்துச் சொல்லி, ஏற்றுக்கொள்ளுமாறு உமர் வற்புறுத்தினார்கள்.

அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) எகிப்திலிருந்து உணவு அனுப்பினார் என்ற செய்தியும் நூல்களில் பரவலாக உள்ளது. எனினும் எகிப்தின் வெற்றி ஹிஜ்ரி 20-ஐ ஒட்டியே நிறைவெய்தியது என்பதால், அச்செய்தியின் காலக்கணக்கில் அறிஞர்கள் கருத்து வேறுபட்டுள்ளனர். அவர் அப்போது ஃபலஸ்தீனப் பகுதியில் இருந்தார் என்று கொள்வோரும் உளர். நம் முன்னோரின் புகழைப் பாடும்போதும் காலக்கணக்கை மறத்தலாகாது.

நான்காவதாக, கலீஃபா தம் தட்டை மக்களின் தட்டோடு சேர்த்தார்கள். மக்கள் நெய்யும் பாலும் காணும் வரை தாமும் அவற்றை உண்பதில்லை என உறுதி பூண்டு, எண்ணெயையே தொட்டு உண்டார்கள். அதனால் அவர்களுடைய மேனியின் நிறமே மாறிவிட்டது என்று கண்டோர் அறிவித்துள்ளனர். இது வெறும் துறவன்று. பசித்தவனின் நிலையை உணராதவன் அவனுக்காக முடிவெடுக்கத் தகுதியற்றவன் என்னும் ஆட்சிக் கோட்பாடு.

ஐந்தாவதாக, சட்டம் பசியைக் கணக்கில் கொண்டது. அவ்வாண்டு ஜகாத் வசூலிப்போர் அனுப்பப்படவில்லை. மறுஆண்டு மழை பெய்து நிலம் உயிர்த்த பின்னரே அவர்கள் சென்றனர். ஈராண்டு ஜகாத்தைப் பெற்று, ஒன்றை அங்கேயே ஏழைகளுக்குப் பங்கிட்டு, மற்றொன்றை மட்டும் கொண்டுவரப் பணிக்கப்பட்டனர். பஞ்ச ஆண்டில் திருட்டுக்கான கைவெட்டும் தண்டனையை உமர் நிறைவேற்றவில்லை என்பதை இப்னுல் கய்யிம் (ரஹ்) தம் ‘இஃலாமுல் முவக்கிஈன்’ நூலில் ஆராய்ந்துள்ளார்.

இதனோடு இயைந்த மற்றொரு வழக்கை இமாம் மாலிக் (ரஹ்) ‘முவத்தா’வில் பதிவு செய்கிறார். ஹாத்திப் என்பாரின் அடிமைகள் முஸைனா குலத்தவர் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்து உண்டுவிட்டனர். அவர்களை எசமானர் பட்டினி போடுகிறார் என்று கருதிய உமர், விசாரணையை அவர் பக்கம் திருப்பினார்கள். ஒட்டகத்தின் விலை 400 திர்ஹம் என்று உரியவர் கூற, எசமானர் 800 திர்ஹம் கொடுக்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தார்கள். திருடியவன் கை மட்டும் கண்ணில் படும் இடத்தில், அவனைப் பசியில் விட்டவனின் கையும் அவர்களுக்குத் தெரிந்தது.

இத்தனைக்கும் பின், அல்லது இவற்றோடு இணைந்தே, மழைவேண்டல் தொழுகையும் நடந்தது. நபியவர்களின் சிறிய தந்தையார் அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி உமர் மழை வேண்டியதையும் மழை பொழிந்ததையும் அனஸ் (ரலி) வாயிலாக ‘புகாரி’ பதிவு செய்கிறது. மதீனாவில் துஆ சமையற்கூடத்துக்கு மாற்றாகவோ, சமையற்கூடம் துஆவுக்கு மாற்றாகவோ கருதப்படவில்லை. மழை பெய்தபின் பாலைவனத்து மக்களுக்கு வழியுணவும் வாகனமும் தந்து அவரவர் இடத்துக்கு அனுப்பி வைத்தனர். ஆயினும் திரும்பியவர்களைக் காட்டிலும் மடிந்தவர்களே அதிகம் என்ற துயரச் செய்தியையும் அஸ்லம் மறைக்கவில்லை. இத்தனை முயற்சிக்குப் பின்னரும் மரணம் நிற்கவில்லை. முயற்சியின் பயன் அல்லாஹ்விடம் உள்ளது. முயலும் கடமை நம்மிடம் உள்ளது.

ஸர்கில் எழுந்த விவாதம்

ஹிஜாஸில் பஞ்சம் என்றால், ஷாமில் கொள்ளைநோய். ரம்லாவுக்கும் ஜெரூசலத்துக்கும் இடையிலுள்ள அம்வாஸ் என்னும் ஊரிலிருந்து பரவியதால் அது ‘தாஊனு அம்வாஸ்’ எனப் பெயர் பெற்றது.

உமர் (ரலி) ஷாமை நோக்கிப் புறப்பட்டு, எல்லையிலுள்ள ஸர்கு என்னும் இடத்தை அடைந்தபோது, படைத்தலைவர்கள் எதிர்கொண்டு நோய்ச்செய்தியைத் தெரிவித்தனர். இது ஹிஜ்ரி 17-இன் இறுதியில் என்போரும் 18-இல் என்போரும் உளர். உமர் முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கலந்தாலோசித்தார்கள், கருத்து பிளவுபட்டது. பின்னர் அன்ஸாரிகளை அழைத்தார்கள், அங்கும் அவ்வாறே. இறுதியாகக் குறைஷி முதியோரை அழைத்தார்கள். மக்களை அழைத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும் என்று அவர்கள் ஒருமித்துக் கூறினர். மறுநாள் காலையில் திரும்புவதாக அறிவிக்கப்பட்டது.

அப்போது, அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டார். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் விடையளித்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை பசுமையாகவும் மறுகரை வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எக்கரையில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படியே அல்லவா என்றும் விளக்கினார்கள். அதுவரை வேறு அலுவலால் அங்கிராத அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, கொள்ளைநோய் பரவிய நிலத்துக்குள் செல்லாதீர்கள், நீங்கள் இருக்கும் நிலத்தில் அது ஏற்பட்டால் அதற்கு அஞ்சி வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை அறிவித்தார். உமர் அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள். ‘புகாரி’யிலும் ‘முஸ்லி’மிலும் இடம்பெற்ற நிகழ்ச்சி இது.

இவ்விவாதத்தில் இரு தரப்பாரும் விதியை நம்பியவர்களே. விதி என்பது முடிவெடுக்கும் பொறுப்பை நீக்கிவிடுமா என்பதிலேயே அவர்கள் வேறுபட்டனர். நீக்காது, மேய்ப்பனுக்குக் கரையைத் தேர்ந்தெடுக்கும் கடமை உண்டு என்பது உமரின் தீர்ப்பு.

ஆயினும் அபூ உபைதாவை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. மதீனாவுக்கு 4,000 சுமை உணவு கொண்டுவந்தவரும் இவரே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நோய் முற்றியபோது, அவசரப் பணி ஒன்று இருப்பதாகக் கூறித் தம்மிடம் வருமாறு உமர் மடல் எழுதினார்கள். தம்மைக் காப்பாற்றவே இந்த அழைப்பு என்பதை அபூ உபைதா உணர்ந்துகொண்டார். தம் படையினரை விட்டுப் பிரிய மனமில்லை என்று மறுமொழி எழுதினார். அம்மடலைப் படித்த உமர் கண்ணீர் விட்டார்கள். பின்னர், தாழ்வும் ஈரமுமான நிலத்திலிருந்து மக்களை உயர்ந்த, நலமிக்க நிலத்துக்கு மாற்றுமாறு எழுதினார்கள். அப்பணியின் இடையிலேயே அபூ உபைதா நோயுற்று மறைந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் தம் குடும்பத்தாரைப் பறிகொடுத்துத் தாமும் மறைந்தார். அடுத்துப் பொறுப்பேற்ற அம்ரு இப்னுல் ஆஸ், இந்நோய் நெருப்பைப் போன்றது, மலைகளில் பிரிந்து தங்குங்கள் என்று மக்களைப் பணித்தார். அவரை எதிர்த்துப் பேசியோரும் இருந்தனர். அச்செய்தி உமரை எட்டியபோது அவர்கள் அதை வெறுக்கவில்லை. இறந்தோர் 25,000 பேர் என்பது பழைய வரலாற்றாசிரியர்கள் தரும் கணக்கு. பின்னர் உமர் நேரில் ஷாம் சென்று, உரிமையாளர் இன்றிக் குழம்பிக் கிடந்த வாரிசுச் சொத்துகளை ஒழுங்குபடுத்தினார்கள்.

வெளியே நிற்பவர் உள்ளே நுழையாதிருத்தல். உள்ளே இருப்பவர் தம் பொறுப்பிலுள்ளோரைக் கைவிட்டு ஓடாதிருத்தல். அந்நபிமொழியின் இரு பாதிகளையும் இரு நண்பர்கள் வாழ்ந்து காட்டினர். ஒருவர் திரும்பினார், மற்றவர் தங்கினார். இருவரும் கீழ்ப்படிந்தவர்களே.

பின்வந்த அறிஞர்கள்

பிற்கால அறிஞருள் இருவரை மட்டும் குறிப்பிடுவோம். ‘புகாரி’யின் விரிவுரையாளர் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) கொள்ளைநோய் பற்றி ‘பத்லுல் மாஊன்’ என்னும் நூலை எழுதினார். அவருடைய புதல்வியரில் இருவர் ஹிஜ்ரி 819-இலும், கருவுற்றிருந்த மூத்த மகள் 833-இலும் கொள்ளைநோயால் இறந்தனர். தம் வீட்டு ஜனாஸாக்களுக்கு இடையே எழுதியவர் என்பதால் அவருடைய சொற்களுக்குத் தனி எடை உண்டு. நோய் தானாகத் தொற்றுவதில்லை என்ற கருத்தையே அவர் கொண்டிருந்தார். இன்றைய மருத்துவம் அதை ஏற்காது. ஆனால் கண்ட உண்மையை அவர் மறைக்கவில்லை. 833-இல் கெய்ரோ மக்கள் நோன்பு நோற்று, வெட்டவெளியில் கூட்டமாகக் கூடித் துஆச் செய்தனர். அதற்கு முன் நாளொன்றுக்கு 40-க்கும் குறைவாக இருந்த இறப்பு, அம்மாதம் முடிவதற்குள் 1,000-ஐக் கடந்தது என்று அவர் எழுதி, அத்தகைய கூட்டத்துக்கு மார்க்க ஆதாரமில்லை என மறுத்தார்.

அதே காலத்தவரான மக்ரீஸீ (ரஹ்), எகிப்தின் பஞ்சங்களைப் பற்றி ஹிஜ்ரி 808-இல் ‘இகாஸத்துல் உம்மா’ என்னும் நூலை எழுதினார். அக்காலத்து மக்கள் தம் துன்பத்தை முன்னெப்போதும் நிகழாததாகவும் இனி நீங்காததாகவும் கருதிச் சோர்ந்திருந்தனர். பழைய பஞ்சங்களை வரிசைப்படுத்திக் காட்டிய மக்ரீஸீ, அன்றைய துன்பத்துக்கு மூன்று காரணங்களைக் கூறினார்: கையூட்டுக் கொடுத்துப் பதவி பெறுதல், நிலக்குத்தகை உயர்வு, மதிப்பற்ற செப்புக் காசுகளின் பெருக்கம். மூன்றும் மனிதர் கைப்பட்டவை. நைல் நதி குறைவது இறைவன் செயல் எனலாம். குறைந்த ஆண்டின் தானியத்தைப் பதுக்குவது எவர் செயல்? மனிதர் இழைத்த தீங்கை விதியின் கணக்கில் எழுதுவது இறைவன் மீதே பழி சுமத்துவதாகும்.

கிதாபில் இருந்த விடை

தனி மனிதரின் இரக்கமாக மட்டும் இது நின்றுவிடவில்லை. கெய்ரோவில் ஹிஜ்ரி 683-இல் (கி.பி. 1284) சுல்தான் கலாவூன் நிறுவிய மன்ஸூரீ மருத்துவமனை, ஆண், பெண், செல்வர், ஏழை என அனைவருக்குமாக வக்ஃபு செய்யப்பட்டது. ஃபிக்ஹு நூல்களிலும் இக்கடமை சட்டமாக இடம்பெற்றது. ஆடையற்றோர்க்கு உடையும் பசித்தோர்க்கு உணவும் அளித்துத் துன்பம் நீக்குவது, ஜகாத்தும் பைத்துல்மாலும் போதாத நிலையில், ஃபர்ளு கிஃபாயா என இமாம் நவவீ (ரஹ்) ‘மின்ஹாஜ்’ நூலில் எழுதுகிறார். செய்வோர் எவருமின்றேல் இயன்றோர் அனைவரும் குற்றவாளிகள் என்பது இதன் பொருள்.

கேரளத்துப் பொன்னானியில் வாழ்ந்த ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) எழுதிய ‘ஃபத்ஹுல் முஈன்’ நம் ஷாஃபிஈ மத்ரஸாக்களில் தலைமுறைகளாக ஓதப்பட்டு வருகிறது. அந்நூல் இக்கடமையை முஸ்லிம்களோடு நிறுத்தவில்லை. பாதுகாப்புப் பெற்ற பிற சமயத்தவரின் துன்பத்தை நீக்குவதையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. ஆனால் இப்பகுதி நூலின் பிற்பகுதியில், ஜிஹாத் பாடத்தில் வருகிறது. ஆண்டின் இறுதியில் பாடம் முடிக்கும் அவசரத்தில் பலராலும் விரைந்து கடக்கப்படும் பக்கம் அது.

2005 ஜனவரியில் நம் வகுப்பில் அம்மாணவர் எழுந்து கேட்டபோது, அவர் முன்னிருந்த பலகையில் விரித்திருந்தது அந்த ‘ஃபத்ஹுல் முஈன்’தான். அவருடைய இரண்டாம் கேள்விக்கான விடை அதே கிதாபின் பின்பக்கங்களில் இருந்தது. ஓதிக் கொடுத்த நமக்குத்தான் அதைப் புரட்டிக் காட்டத் தோன்றவில்லை. அதே நாட்களில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் அண்டை மீனவக் குப்பங்களின் மக்களுக்கு உணவளித்தும், உடல்களை மீட்டு அடக்கம் செய்ய உதவியும் அக்கடமையை நிறைவேற்றிக்கொண்டிருந்தனர். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றால் இறந்தோரின் உடல்களைத் தொடவே பலர் அஞ்சியபோது, நம் இளைஞர்கள் சமய வேறுபாடு பாராமல் அவற்றை அடக்கம் செய்தனர். ஸர்கு நபிமொழியின் படி பள்ளிவாசல் கதவை மூடியதும் வணக்கமே. மூடிய கதவுக்கு வெளியே இறந்தவரைச் சுமந்ததும் வணக்கமே.

துன்பம் ஏன் என்ற கேள்வியை நாம் இன்றும் வகுப்பில் நடத்துகிறோம்; கலாம் அறிஞர்களின் வாதங்களை முழுமையாகவே ஓதுகிறோம். ஆனால் இப்போது அப்பாடத்தை அங்கே முடிப்பதில்லை. நோயுற்றிருந்தேன், நீ என்னை விசாரிக்க வரவில்லை. உணவு கேட்டேன், நீ தரவில்லை என்ற பொருளில் மறுமையில் இறைவன் அடியானை வினவுவான் என ‘முஸ்லி’மில் வரும் ஹதீஸ் குத்ஸியையும், ‘ஃபத்ஹுல் முஈ’னின் அந்தப் பக்கத்தையும் சேர்த்தே ஓதுகிறோம். இறைவனிடம் நாம் கேட்க ஒரு கேள்வி இருக்கலாம். அவன் நம்மிடம் கேட்கப்போகும் கேள்வியோ முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுவிட்டது. அதற்கு விடை சொல்லும் ஆற்றலை வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்குவானாக. ஆமீன்.